ஒரு மூலம், பல பொறிகள்

கணிப்பொறியைக் கொண்டு நாம் செய்யும் தொழில்கள் பல. அவற்றுள் பழையதும் எளியதும் நாள்தோறும் செய்வதும் எழுத்துவேலையே. கட்டுரை வரைவோர்க்கும், ஆய்வேட்டுக்குக் குறிப்பெடுப்போர்க்கும், நிரல் எழுதுவோர்க்கும் ஒரு கருவி வேண்டும். அக்கருவியை டெக்ஸ்ட் எடிட்டர் என்று வழங்குகின்றனர். தமிழில் உரைத்திருத்தி எனலாம்.

உரைத்திருத்திகளுள் ஈமாக்ஸ் என்பது புகழ்பெற்றது. அதன் முதல் உருவம் 1976-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றியது. இன்று நாம் பயன்படுத்தும் குனு ஈமாக்ஸை ரிச்சர்ட் ஸ்டால்மன் 1984-இல் எழுதத் தொடங்கி, 1985-இல் உலகிற்கு வழங்கினார். அந்நாளில் ஓர் அறையையே அடைத்துக்கொண்டிருந்த வேக்ஸ் கணிப்பொறிகளில் அது இயங்கிற்று. இன்று மடிக்கணினியில் இயங்குகிறது. 2025 பிப்ரவரியில் வெளிவந்த 30.1 பதிப்பு முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் இயங்குகிறது. நாற்பது ஆண்டுகளில் எத்தனையோ பொறிகள் பிறந்தன. எத்தனையோ பொறிகள் மறைந்தன. உரைத்திருத்தி மட்டும் மறையவில்லை. ஒரே மூலநிரல் இத்தனை வகைப் பொறிகளுக்கும் எவ்வாறு பொருந்துகிறது? அதற்காக அதனை எங்ஙனம் அமைக்கின்றனர்? தமிழில் எழுதும் நமக்கு அதனால் ஆவதென்ன? இவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தண்டவாளமும் வண்டியும்

எங்கள் கோலார் தங்கவயலுக்குப் புகைவண்டியில் வருவோர் பங்காரப்பேட்டை சந்திப்பை நன்கறிவர். சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் பெரும்பாதையிலிருந்து தங்கவயல் கிளைப்பாதை அங்கேதான் பிரிகிறது. மாரிக்குப்பம் வரை செல்லும் அக்கிளை 1894-இல் திறக்கப்பட்டது. அது 5 அடி 6 அங்குல அகலமுள்ள பாதை. அதே பங்காரப்பேட்டையிலிருந்து கோலார் நகரை நோக்கி மற்றொரு பாதையும் முன்னாளில் சென்றது. அதன் அகலம் 2 அடி 6 அங்குலமே. பின்னாளில் அதுவும் அகலப்பாதையாக மாற்றப்பட்டுவிட்டது. இரண்டு பாதைகளும் ஒரே நிலையத்தில் கூடியிருந்த காலத்தில், இப்பாதையின் வண்டி அப்பாதையில் ஓட இயலாது. மூட்டைகளை இறக்கித்தான் ஏற்றவேண்டும்.

கணிப்பொறி உலகிலும் இதுவே நிலை. நுண்செயலி ஒவ்வொன்றும் ஒருவகைத் தண்டவாளம். இன்டெல் நுண்செயலிக்கு ஆக்கப்பட்ட நிரல் ஆர்ம் நுண்செயலியில் ஓடாது. ஒன்றின் கட்டளைக் குறிகள் மற்றதற்குப் புரியா. ஆனால், வண்டியை அப்படியே அனுப்பாமல் வண்டியின் வரைபடத்தை அனுப்பினால் என்ன? ‘அச்சின் நீளம் இத்தனை அடி’ என்று அதில் எழுதாமல், ‘அவ்வூர்ப் பாதையின் அகலத்தை அளந்து, அதற்கேற்ப வைத்துக்கொள்க’ என்று எழுதிவிட்டால், எவ்வூர்ப் பட்டறையிலும் அவ்வூருக்கேற்ற வண்டியைச் செய்துகொள்ளலாம். அந்த வரைபடமே மூலநிரல். பட்டறை என்பது கம்பைலர். பாதையை அளக்கும் வேலையே நாம் இங்கே பேசப் புகுந்த அமைவு வேலை.

எவ்வெவற்றால் வேறுபடுகின்றன?

கட்டளைக் குறிகளின் வேறுபாட்டைக் கம்பைலரே பார்த்துக்கொள்கிறது. ஆனால் அதற்கப்பாலும் சில வேறுபாடுகள் எஞ்சுகின்றன. அவற்றுள் முதலாவது பைட்டுகளின் வரிசை. 2001 என்னும் எண்ணைக் கணிப்பொறி இரண்டு பைட்டுகளில் வைக்கிறது. ஒன்று 7, மற்றொன்று 209. ஏழை 256-ஆல் பெருக்கி 209-ஐக் கூட்டினால் 2001 வரும். சில பொறிகள் பெரிய பகுதியாகிய 7-ஐ முதலில் வைக்கும். இன்டெல் போன்றவை சிறிய பகுதியாகிய 209-ஐ முதலில் வைக்கும். ஒருவகைப் பொறி எழுதியதை மற்றவகைப் பொறி தன் வழக்கப்படியே படித்தால், 2001 என்பது 53,511 ஆகிவிடும்!

எழுத்துக்கும் இவ்விடர் உண்டு. யூனிகோடு அட்டவணையில் ‘த’ என்னும் எழுத்தின் எண் 2,980. யூ.டி.எப்.-16 முறையில் அது 11, 164 என்னும் இரு பைட்டுகளாகும். வரிசை மாறினால் 41,995 என்றாகும். அந்த எண்ணில் இருப்பது, தென்மேற்குச் சீனத்தில் வழங்கும் யீ மொழியின் எழுத்து! இணையத்தில் பெருவழக்கான யூ.டி.எப்.-8 முறையில் பைட்டுகளின் வரிசை நிலையானது. ஆதலின் இத்தொல்லை அங்கே இல்லை. ஆயினும் பல குறிமுறைகளையும் படிக்கவேண்டிய உரைத்திருத்திக்குத் தான் அமர்ந்திருக்கும் பொறியின் வரிசை எதுவெனத் தெரிந்தாக வேண்டும்.

இரண்டாவது, சொல்லின் நீளம். இங்கே சொல் என்பது நுண்செயலி ஒரு பிடியில் எடுத்தாளும் பிட்டுகளின் தொகை. பழைய பொறிகளில் அது 32; இன்றைய பொறிகளில் பெரும்பாலும் 64. ஈமாக்ஸ் தன் உள்ளே ஒவ்வொரு பொருளுக்கும் ‘இது எண், இது சொற்சரம், இது பட்டியல்’ என்று ஓர் அடையாளச் சீட்டு ஒட்டி வைக்கிறது. அச்சீட்டுக்குச் சில பிட்டுகள் போய்விடுகின்றன. எனவே 32 பிட்டுப் பொறியில் ஒரு முழு எண்ணுக்கு 30 பிட்டுகளே கிடைக்கின்றன. அதில் அடங்கும் பேரெண் 53,68,70,911. கோப்பில் ஓரிடத்தைச் சுட்டுவதும் எண்ணே ஆதலால், அத்தகைய பொறியில் ஏறத்தாழ 512 மெகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பைத் திறக்க இயலாது. அமைக்கும்பொழுதே ‘வித்-வைட்-இன்ட்’ என்னும் விருப்பத்தைத் தந்தால், பழைய பொறியிலும் அகன்ற எண்கள் கிடைக்கும். வேகம் சிறிது குறையும், எல்லை விரியும்.

மூன்றாவது, இயங்குதளம். ஒருவர் திறந்து வைத்திருக்கும் கோப்பை வேறொரு நிரல் மாற்றிவிட்டால், உரைத்திருத்தி அதனை உடனே அறியவேண்டும். அவ்வாறு அறிவிக்கும் வசதி லினக்ஸில் ஐநோட்டிஃபை எனப்படுகிறது. பி.எஸ்.டி. குடும்பத்தில் கேக்யூ என்பது அப்பணியைச் செய்கிறது. விண்டோஸில் வழி வேறு. பணி ஒன்றே; கதவு வேறு. எந்தக் கதவைத் தட்டுவது என்பதை நிரலை ஆக்கும்பொழுதே முடிவு செய்தாக வேண்டும்.

இத்தனை வேறுபாடுகளும் ஈமாக்ஸின் முழு உடலையும் தாக்குவதில்லை. ஈமாக்ஸ் ஈரடுக்கு மாளிகை. அடித்தளம் சி மொழியில் எழுதப்பட்டது. மேல்மாடத்தின் பெரும்பகுதி லிஸ்ப் மொழியில் எழுதப்பட்டது. லிஸ்ப் பகுதிக்கு நுண்செயலியைப் பற்றிக் கவலையில்லை. அதனைப் பைட்டுக் குறியாக மாற்றி வைத்த கோப்பு எல்லாப் பொறிகளிலும் ஒன்றுபோலவே ஓடும். மண்ணைத் தொடுவது அடித்தளம் மட்டுமே. எனவே அளவெடுக்கும் வேலையும் பெரும்பாலும் அடித்தளத்திற்குத்தான்.

‘நீ யார்?’ என்று கேட்ட காலம்

தொடக்ககாலப் பதிப்புகளில் இவ்வேலையை மனிதர் கையால் செய்தனர். மூலநிரலுடன் இருவகைக் கோப்புகள் வந்தன. எம் என்னும் எழுத்தைத் தாங்கியவை பொறிகளைப் பற்றியன; எஸ் என்னும் எழுத்தைத் தாங்கியவை இயங்குதளங்களைப் பற்றியன. ஈமாக்ஸை நிறுவ விரும்பியவர், மெஷின்ஸ் என்னும் பட்டியலைப் படித்துத் தம் பொறிக்கு உரிய எம் கோப்பையும், தம் இயங்குதளத்திற்கு உரிய எஸ் கோப்பையும் தேர்ந்து, கான்ஃபிக் என்னும் தலைப்புக் கோப்பில் அவற்றின் பெயரை எழுதவேண்டும்.

இப்பிரிவினையில் ஒரு நுட்பம் உண்டு. 20 பொறிகளும் 15 இயங்குதளங்களும் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு கோப்பு எழுதினால் 300 கோப்புகள் வேண்டும். பொறியைத் தனியாகவும் தளத்தைத் தனியாகவும் பிரித்து எழுதினால் 35 போதும். பெருக்கலைக் கூட்டலாக்கிய அறிவுடைமை இது.

ஆயினும் இதில் ஒரு குறை இருந்தது. இம்முறை பொறியைப் பார்த்து ‘உன் பெயரென்ன?’ என்று கேட்கிறது. பெயரைக் கேட்டவுடன், ‘இப்பெயர் உடையவனுக்கு இன்னின்ன வரும், இன்னின்ன வராது’ என்று முன்னரே எழுதிவைத்த குறிப்பை நம்புகிறது. ஆனால் ஒரே பெயருள்ள இயங்குதளத்தின் சென்ற ஆண்டுப் பதிப்பில் இல்லாத வசதி இவ்வாண்டுப் பதிப்பில் வந்திருக்கும். குறிப்போ பழையதாகவே இருக்கும். புதிய பெயரோடு ஒரு பொறி வந்தால், அதற்குக் குறிப்பே இராது. எல்லாத் திறமையும் அதனிடம் இருந்தாலும், பட்டியலில் பெயரில்லை என்பதற்காக அது வாயிலிலேயே நிற்கவேண்டியதுதான்.

‘உன்னால் என்ன முடியும்?’ என்று கேட்கும் காலம்

1991-இல் டேவிட் மெக்கன்சி என்பவர் ஆட்டோகான்ஃப் என்னும் கருவியை எழுதினார். அது கான்ஃபிகர் என்னும் ஓர் ஆய்வுநிரலை உருவாக்கித் தருகிறது. 1993-இல் வெளிவந்த ஈமாக்ஸின் 19ஆம் பதிப்பு கான்ஃபிகர் வழியை மேற்கொண்டது. எம், எஸ் கோப்புகள் ஒரே நாளில் மறைந்துவிடவில்லை; அவற்றிலிருந்த செய்திகள் சிறிது சிறிதாகக் கான்ஃபிகருக்குள் வந்து சேர்ந்தன; 2012-ஐ ஒட்டி அவ்வடுக்குகள் நீக்கப்பட்டன.

கான்ஃபிகர் பொறியின் பெயரை மட்டும் கேட்டு அமைவதில்லை. பொறியைச் சோதித்துப் பார்க்கிறது. ஐநோட்டிஃபை உண்டா என்று அறியவேண்டுமாயின், அதனை அழைக்கும் நாலைந்து வரி சி நிரலைத் தானே எழுதிக் கம்பைலரிடம் கொடுக்கிறது. கம்பைலர் ஏற்றுக்கொண்டால் ‘உண்டு’ என்று குறித்துக்கொள்கிறது. மறுத்தால் ‘இல்லை’ என்று குறித்துக்கொள்கிறது. பைட்டு வரிசை, சொல்லின் நீளம், படங்களைக் காட்டும் நிரல் நூலகங்கள் என்று இப்படியே பல நூறு சோதனைகள் நடக்கின்றன. திரையில் வரிவரியாக ஓடுகின்றனவே, ‘பார்க்கிறேன்... உண்டு, பார்க்கிறேன்... இல்லை’ என்று, அவையே இந்தச் சோதனைகள். முடிவுகளெல்லாம் கான்ஃபிக் தலைப்புக் கோப்பில் எழுதப்படுகின்றன. மூலநிரல் அதனைப் பார்த்து, ‘இவ்வசதி இருப்பின் இவ்வழி செல்க; இல்லையேல் அவ்வழி செல்க’ என்று தன்னை அமைத்துக்கொள்கிறது.

பெயர் கேட்கும் வழக்கம் அடியோடு ஒழிந்துவிடவில்லை. கான்ஃபிக் கெஸ், கான்ஃபிக் சப் என்னும் இரு சிறு நிரல்கள் இன்றும் உள்ளன. முன்னது பொறியின் பெயரை ஊகிக்கிறது. பின்னது அப்பெயரைச் செம்மைப்படுத்துகிறது. நுண்செயலி, செய்தவர், இயங்குதளம் என்று மூன்று பகுதியாகப் பெயர் அமையும். ஆனால் பெயர் இப்பொழுது முகவரி அளவில் நிற்கிறது. தகுதியை முடிவு செய்வது பெரும்பாலும் சோதனையே.

சென்னையில் பிறந்த ஒரு நுண்செயலி

இதன் பயனை நம் நாட்டு எடுத்துக்காட்டு ஒன்றால் காண்போம். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 2010-இல் ரிஸ்க்-ஐந்து என்னும் கட்டளைத் தொகுதி உருவாகத் தொடங்கிற்று. உரிமத்தொகை எதுவுமின்றி யாரும் அதனை அடிப்படையாகக் கொண்டு நுண்செயலி செய்யலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் காமகோடி அவர்களின் தலைமையில் அமைந்த குழு அதனைக் கொண்டு சக்தி என்னும் நுண்செயலிக் குடும்பத்தை வடிவமைத்தது. 2018-இல் அக்குடும்பத்துச் சில்லில் லினக்ஸ் இயங்கிற்று. திருவனந்தபுரத்துச் சி-டாக் நிறுவனமும் வேகா என்னும் பெயரில் ரிஸ்க்-ஐந்து நுண்செயலிகளை வடிவமைத்துள்ளது.

பழைய முறையே இருந்திருந்தால், இத்தகைய புதுப் பொறி ஒவ்வொன்றிற்கும் ஈமாக்ஸில் ஒரு புதிய எம் கோப்பு எழுதியாக வேண்டும். இன்றோ, பெயரைச் செம்மைப்படுத்தும் இரு நிரல்களும் ரிஸ்க்-ஐந்தை அறிந்திருந்தால் போதும்; மற்றவற்றைச் சோதனை பார்த்துக்கொள்ளும். பழைய நிரற்கட்டு ஒன்றைப் புதுப் பொறியில் அமைக்கும்பொழுது ‘இப்பொறியை ஊகிக்க இயலவில்லை’ என்று கான்ஃபிகர் நின்றுவிடுமாயின், அஞ்சவேண்டா. பல வேளைகளில் அவ்விரு சிறு நிரல்களின் புதிய படிகளை எடுத்து வைத்தாலே வழி திறந்துவிடும்.

ஈமாக்ஸில் மட்டும் ஒரு தனிச் சிக்கல் நெடுங்காலம் இருந்தது. ஆக்கப்படும்பொழுது முதலில் டெமாக்ஸ் என்னும் வெற்றுடல் பிறக்கிறது. அது லிஸ்ப் கோப்புகளையெல்லாம் படித்து நினைவில் ஏற்றிக்கொள்கிறது. ஒவ்வொரு முறை தொடங்கும்பொழுதும் அத்தனையையும் படித்தால் காலம் வீணாகும் ஆதலின், ஏற்றிய நினைவை அப்படியே ஒரு புதிய இயங்கு கோப்பாக எழுதி வைப்பர். இயங்கு கோப்பின் உள்ளமைப்போ தளத்துக்குத் தளம் வேறு. எனவே இவ்வேலைக்கு மட்டும் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி நிரல் எழுதவேண்டியிருந்தது. 2020-இல் வந்த 27.1 பதிப்பு, நினைவைத் தனித் தரவுக் கோப்பில் சேமிக்கும் புதுவழியைக் கொண்டுவந்தது. அத்துடன் அந்தத் தடையும் பெரிதும் தளர்ந்தது.

தமிழுக்கு என்ன வேண்டும்?

இனி நமக்கு நெருக்கமான செய்திக்கு வருவோம். ‘கொ’ என்னும் எழுத்தை எடுத்துக்கொள்க. நினைவகத்தில் அது இரண்டு குறிகள்: முதலில் ககரம், அடுத்து ஒகரக் குறி. திரையிலோ மூன்று உருவங்கள்: முன்னே ஒற்றைக்கொம்பு, நடுவே ககரம், பின்னே கால். சேமித்த வரிசை வேறு. காட்டும் வரிசை வேறு. இம்மாற்றத்தைச் செய்வதற்கென்றே எழுத்துருவாக்கும் நிரல் நூலகம் ஒன்று வேண்டும். லினக்ஸில் அது ஹார்ஃப்பஸ். மேக்கில் அத்தளத்திற்கே உரிய கோர் டெக்ஸ்ட் அப்பணியைச் செய்கிறது. இத்தகைய நூலகம் இல்லாமல் ஈமாக்ஸை அமைத்துவிட்டால், நிரல் குறையின்றி ஓடும். ஆங்கிலம் அழகாகத் தெரியும். தமிழ் மட்டும் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதையும்.

ஆகவே லினக்ஸில் ஈமாக்ஸை அமைக்கும் நண்பர்கள், கான்ஃபிகர் தன் வேலையை முடித்து இறுதியில் அச்சிடும் தொகுப்பைப் படியாமல் கடந்து செல்லலாகாது. அதில் ‘ஹார்ஃப்பஸைப் பயன்படுத்துகிறதா?’ என்னும் வரி இருக்கும். அதற்கு நேரே ‘ஆம்’ என்றிருந்தால் மேலே செல்க. ‘இல்லை’ என்றிருந்தால், ஹார்ஃப்பஸின் ஆக்கக் கோப்புகளை நிறுவிவிட்டு, கான்ஃபிகரை மறுமுறை இயக்குக. அதன்பின் மேக் என்னும் கட்டளை நிரலை ஆக்கும். மேக் இன்ஸ்டால் அதனை உரிய இடத்தில் வைக்கும்.

பழைய பொறி வைத்திருப்போர்க்கு ஒரு சொல். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, ரிஸ்க்-ஐந்து பொறிகளை முதன்முறையாகத் தன் அதிகாரப் பட்டியலில் சேர்த்தது. அதே பதிப்பு, 32 பிட்டு இன்டெல் பொறிகளில் புதிதாக நிறுவும் வழியை நிறுத்திவிட்டது. ஒரு கதவு திறந்தது; ஒரு கதவு மூடியது. அண்ணன் பயன்படுத்திய பொறியைத் தம்பி பயன்படுத்தும் இல்லங்கள் நம்மிடையே குறைவல்ல. அவர்கள் சோர்வடைய வேண்டா. மூலநிரல் கையில் இருக்கும்வரை, பொறியில் ஏற்கெனவே உள்ள இயங்குதளத்திலேயே அதனை அமைத்துப் பார்க்க இடமுண்டு. படம், ஒலி முதலிய வேண்டாத வசதிகளை நீக்குமாறு கான்ஃபிகருக்குச் சொல்லலாம். வரைகலைத் திரையே இன்றி முனையத்தில் மட்டும் இயங்குமாறும் அமைக்கலாம். ஆனால் ஒன்றை நினைவிற் கொள்க: முனையத்தில் எழுத்தைக் கோத்துக் காட்டும் பொறுப்பு முனையத்தைச் சார்ந்தது. அது தமிழறியாத முனையமாயின், ஈமாக்ஸைக் குறைகூறிப் பயனில்லை.

சோதனைக்கு எட்டாதது

பெயரைக் கேட்டுத் தகுதியை முடிவு செய்யும் பழைய வழியைக் கைவிட்டு, ‘உன்னால் என்ன முடியும்? செய்து காட்டு’ என்று கேட்கும் வழிக்கு வந்ததே இவ்வரலாற்றின் சாரம். அதனால்தான் நேற்றுப் பிறந்த பொறிக்கும் வாயில் திறக்கிறது. ‘எந்த ஊர், யார் பிள்ளை’ என்ற கேள்விகளுக்கு விடை சொல்லிப் பழகிய நம்மனோர்க்கு இவ்வேறுபாட்டின் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆயினும் கான்ஃபிகரின் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. ஹார்ஃப்பஸ் இருக்கிறதா என்று அது பார்க்கும்; ‘கொ’ என்னும் எழுத்து திரையில் சரியாக விழுந்திருக்கிறதா என்று அதனால் பார்க்க முடியாது. கம்பைலர் ஏற்றுக்கொண்ட நிரல் தமிழனின் கண்ணுக்குப் பிழையாகத் தோன்றலாம். அப்பிழையைக் கண்டுபிடிக்கத் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் அப்பொறியின் முன் அமர்ந்தாக வேண்டும். புதுப் பொறிக்கு ஈமாக்ஸைக் கொண்டு செல்லும் அன்பர் வேறு நாட்டினராக இருக்கலாம். தமிழெழுத்தை ஒருமுறையும் காணாதவராக இருக்கலாம். நாம் பார்த்துச் சொன்னாலன்றி அவர் அறியார்.

எனவே நம் மன்றத்தார்க்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு புதிய பதிப்பு வரும்பொழுதும் நம்மில் சிலராவது அதனை மூலநிரலிலிருந்து அமைத்துப் பார்ப்போம். பழைய மடிக்கணினி, புதிய மடிக்கணினி, கைப்பேசி என்று இயன்ற பொறிகளிலெல்லாம் ஒரு பக்கத் தமிழை இட்டுப் பார்ப்போம். உயிர்மெய் வரிசை முழுவதையும் எழுதி, ஸ்ரீ, க்ஷ உட்பட ஒவ்வொன்றும் ஒழுங்காக நிற்கிறதா என்று நோக்குவோம். பிழை கண்டால், எந்த நுண்செயலி, எந்த இயங்குதளம், எந்தப் பதிப்பு, கான்ஃபிகர் இறுதியில் என்ன சொல்லிற்று என்னும் நான்கையும் குறித்து, அதனை ஆக்குவோர்க்கு எழுதுவோம். ஈமாக்ஸில் பிழை அறிவிப்பதற்கென்றே ஒரு கட்டளை உண்டு; பதிப்பையும் அமைவுச் செய்திகளையும் அதுவே கடிதத்தில் நிரப்பித் தரும். மாலைப்பொழுது ஒன்றில் முடியும் வேலை இது. அடுத்த பதிப்பை எடுத்து எழுதவரும் தமிழ் மாணவருக்குக் கொம்பும் காலும் அதனதன் இடத்தில் நிற்கும்.